பாறையில் ஒதுங்கியவர்கள்: தென்திருவிதாங்கூர்க் கடப்புறத்தைக் கொள்ளையிட்டவர்கள் யார்?

கொல்லயில் ஊராட்சிக்குக் கடல் கிடையாது. தனுவச்சபுரம், உதியன்குளங்கரை, பாறசாலை என்று தென்னையும் ரப்பரும் மரச்சீனியும் நிற்கும் மேட்டு நிலம் இது. ஆனால் தென்மேற்கே பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் பொழியூர் வந்துவிடும். நெய்யாற்றின்கரையைத் தொட்டு இறங்கும் நெய்யாறு பூவாரில் கடலோடு சேர்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி பிறந்த மாநில எல்லை, பொழியூரைக் கேரளத்திலும் அடுத்த ஊரான நீரோடியைத் தமிழ்நாட்டிலும் வைத்தது. அதற்கு முன்பு விழிஞ்ஞத்திலிருந்து கன்னியாகுமரிவரை எல்லாம் ஒரே திருவிதாங்கூர்க் கரை. கொண்டு கொடுத்தலும் கடல் தொழிலும் இன்றும் அந்த எல்லையைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆகவே இந்தக் கட்டுரையும் கரையை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது.

கடற்கொள்ளை என்றதும் நம் மனத்தில் ஒரு காட்சி தோன்றும். தொலைவில் பாய் தெரியும்; கப்பல் கரையை நெருங்கும்; வாளோடு குதிப்பவர்கள் குடிசைகளுக்குத் தீ வைத்து, கிடைத்ததை அள்ளிக்கொண்டு போவார்கள். நம் கரையைப் பற்றிய சான்றுகளை வரிசையாக வைத்துப் படித்தால் இந்தக் காட்சி பெரும்பாலும் பொருந்தவில்லை. மீனவர் ஊர்களை அழித்தவர்களில் ஒரு சாரார் நிலத்தின் வழியாகக் குதிரையில் வந்தார்கள். இன்னொரு சாரார் அரசின் கொடியேற்றிய கப்பலில் வந்தார்கள். வரி பாக்கி, கடல் அனுமதிச் சீட்டு, மிளகு ஒப்பந்தம் என்று எல்லோர் கையிலும் ஒரு காரணம் இருந்தது. யாருடைய ஆணையும் இல்லாமல் திரிந்த கடல் திருடனால் இந்த ஊர்கள் பட்ட துன்பம் அதைவிட மிகக் குறைவு. இதுதான் நான் வந்து சேர்ந்த முடிவு. அதற்கான சான்றுகளைக் கீழே வைக்கிறேன்.

திருடனுக்கு உகந்த கரையா?

முதலில் கரையின் அமைப்பைப் பார்க்க வேண்டும். பூவாரிலிருந்து பள்ளம்வரை பெரும்பகுதி திறந்த மணற்கரை. அலை நேராக வந்து மோதும். கப்பல் ஒதுங்குவதற்குப் பாறை மறைப்பு உள்ள இடங்கள் விழிஞ்ஞம், குளச்சல், முட்டம் போன்ற சிலவே. நெய்யாறும் குழித்துறைத் தாமிரபரணியும் வள்ளியாறும் கடலில் சேரும் பொழிமுகங்கள் கோடையில் மணல் ஏறிக் கிடக்கும். அலையைக் கடந்து கரையேறக் கட்டுமரமோ வள்ளமோ வேண்டும். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் ஊர்க்காரர்கள்தான். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கடல் பொங்கி நிற்கும் மாதங்களில் பெரிய கப்பல் எதுவும் இந்தக் கரையை நெருங்கத் துணியாது.

வந்துவிட்டாலும் எடுத்துப்போக என்ன இருந்தது? வலை, துடுப்பு, காயப்போட்ட கருவாடு, பெண்களின் காதில் கிடந்த சிறிது பொன். மிளகும் இஞ்சியும் துணியும் குதிரையும் முத்தும் மீனவர் குடிசைகளில் இல்லை. அவை கடலில் போய்க்கொண்டிருந்தன. கொல்லத்துக்கும் காயலுக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவே ஓடிய கப்பல்களில்தான் செல்வம் இருந்தது. எனவே திருடன் கரைக்கு வரவில்லை, கடலில் காத்திருந்தான்.

பழைய சான்றுகள் இதை உறுதி செய்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, முசிறியில் இறங்குவது நல்லதல்ல, பக்கத்தில் கடற்கொள்ளையர் இருக்கிறார்கள் என்று வணிகர்களை எச்சரித்தார். இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் வில்லாளிகளை ஏற்றி வந்ததையும் அவர் சொல்கிறார். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் நடுவே இருந்த பகைவரின் கடம்ப மரத்தை வெட்டி முரசு செய்த செய்தி பதிற்றுப்பத்தில் இருக்கிறது. அந்தப் பகைவர் வணிகக் கப்பல்களை மறித்தவர்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இன்னும் விரிவாகச் சொல்கிறார். மலபாரிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட கொள்ளைக் கப்பல்கள் புறப்படும். மனைவி மக்களையும் உடன் ஏற்றிக்கொண்டு கோடை முழுவதும் கடலிலேயே இருப்பார்கள். இருபது முப்பது கப்பல்கள் ஐந்தாறு மைல் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கும். ஒரு கப்பல் வணிகரைக் கண்டால் தீயோ புகையோ காட்டும். மற்றவை வந்து வளைத்துக்கொள்ளும். பிடிபட்ட வணிகர்கள் முத்தையும் மணியையும் விழுங்கியிருப்பார்களோ என்று புளியைக் கடல்நீரில் கரைத்துக் குடிக்க வைப்பார்களாம். 1340களில் இப்னு பதூதா கொல்லத்திலிருந்து வடக்கே போகும் வழியில் பன்னிரண்டு போர்க் கப்பல்கள் அவரை மறித்தன. இலங்கை அரசர் கொடுத்த மணிகள் உட்பட அத்தனையும் போயின. உடுத்தியிருந்த கால்சட்டையோடு கோழிக்கோட்டுக்குத் திரும்பினார்.

இந்தச் சான்றுகள் எல்லாவற்றிலும் கொள்ளைக்கு இலக்கானவை கப்பல்கள். பாதிக்கப்பட்டவர்கள் வணிகர்கள், பயணிகள். அவர்களுடைய இழப்பைச் சிறிதாக்க நான் விரும்பவில்லை. ஆனால் ஓர் ஊரே எரிந்து, ஊர்மக்கள் எல்லோரும் ஓடிய நிகழ்ச்சியைத் தேடுகிறவர் வேறு இடத்தில் தேட வேண்டும்.

1544, ஆனி மாதம்

அத்தகைய நிகழ்ச்சி கன்னியாகுமரிக் கரையில் 1544 ஜூன் மாதம் நடந்தது. நடந்தபோதே எழுதப்பட்ட சான்று நமக்குக் கிடைத்திருக்கிறது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய சேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார், தம் துணைவர் பிரான்சிஸ்கு மான்சிலாசுக்கு மணப்பாட்டிலிருந்து எழுதிய கடிதங்கள் அவை. முதல் கடிதத்தின் தேதி ஜூன் 16. அவசரத்தில் எழுதியது என்பது படித்தாலே தெரியும்.

வந்தவர்கள் வடுகர், தெலுங்கு பேசிய குதிரைப்படையினர், விஜயநகர ஆட்சியோடு தொடர்புடையவர்கள். குமரிமுனை ஊர்களில் புகுந்து பொருளைக் கொள்ளையிட்டார்கள், ஆட்களைப் பிடித்தார்கள். தப்பியவர்கள் கடலுக்குள் நீண்டிருந்த பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். அங்கே பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சவேரியார் எழுதினார். குமரிமுனைப் பாறைகளை ஆனி மாதத்தில் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் புரியும். தென்மேற்குக் காற்றில் அலை பாறைக்கு மேல் அடிக்கும். சுற்றிலும் கடல் இருந்தும் குடிக்கச் சொட்டு நீர் இருக்காது. குதிரை ஏற முடியாத இடம் என்ற ஒரே காரணத்துக்காக அந்த மக்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சவேரியார் அன்றிரவே இருபது தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். புன்னைக்காயல், கொம்புத்துறை ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளிடம் உதவி திரட்டுமாறு மான்சிலாசுக்கு எழுதினார். கொடுக்க முடிந்தவர்களிடம் மட்டும் வாங்க வேண்டும், ஏழையை வற்புறுத்தக் கூடாது என்றும் சொன்னார். ஆனால் தோணிகள் குமரியைச் சேரவில்லை. மணப்பாட்டிலிருந்து குமரிக்குப் போவது தென்மேற்கு நோக்கிய பயணம்; அந்த மாதத்தில் காற்று அடிப்பது அதே திசையிலிருந்து. எட்டு நாள் கடலில் போராடித் திரும்பினார்கள். பிறகு அவர் தரைவழியே நடந்தார். வழியில் கண்டதை அடுத்துவந்த கடிதத்தில் எழுதினார்: உண்ண எதுவும் இல்லாதவர்கள், நடக்க முடியாத முதியவர்கள், வழியிலேயே இறந்தவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள்.

இந்தத் தாக்குதலுக்குக் காரணங்கள் உண்டு. 1535-க்கும் 1537-க்கும் இடையே முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசரின் பாதுகாப்பைத் தேடித் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பில் வந்த வருமானம் யாருக்கு என்ற சண்டையில் அது ஒரு பெரிய மாற்றம். அதுவரை வரி வாங்கியவர்களும் முத்துக்குளிப்பைக் குத்தகை எடுத்தவர்களும் இழந்தது கொஞ்சமல்ல. அதே காலத்தில் திருவிதாங்கூர் அரசருக்கும் கிழக்கே இருந்த ஆட்சியாளர்களுக்கும் பகை முற்றியிருந்தது. விஜயநகரத் தளபதி விட்டலன் தெற்கே படையெடுத்து வந்ததும் இந்தக் காலத்தில்தான். வடுகர் கண்ணில் இது வராத வரியை வசூலிக்கும் வேலை. பாறையில் இருந்தவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்பதைக் கடிதம் சொல்கிறது.

பாதுகாப்புத் தருவதாகச் சொன்னவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் அந்தக் கடிதங்களே சொல்கின்றன. முத்துக்குளித்துறையின் போர்த்துக்கீசத் தலைவர் கோஸ்மே தெ பைவா, கொள்ளையிட்ட வடுகருக்கே குதிரை விற்று ஆதாயம் பார்த்தார். சவேரியாருக்கு அவர்மேல் இருந்த கோபம் கடிதங்களில் மறைவில்லாமல் தெரிகிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் பணியாளைப் போர்த்துக்கீசர் பிடித்துக்கொண்டு போன செய்தியும் அதே ஆண்டுக் கடிதம் ஒன்றில் உண்டு. செப்டம்பரில் வடுகர் தூத்துக்குடியைத் தாக்கியபோது பைவாவின் கப்பலும் வீடும் எரிந்தன; அவர் தீவுக்கு ஓடினார். செப்டம்பர் 5-ஆம் தேதி ஆலந்தலையிலிருந்து சவேரியார் மான்சிலாசுக்கு எழுதினார்: தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு போய் அவரைக் காப்பாற்றுங்கள். அந்த மனிதர் செய்ததெல்லாம் தெரிந்தும் அப்படி எழுதியதற்காகவே எனக்குச் சவேரியார்மேல் மதிப்பு கூடுகிறது.

இந்த நிகழ்ச்சியில் ஆபத்து நிலத்திலிருந்து வந்தது. அடைக்கலம் கடலில் கிடைத்தது. கடற்கரை ஊர் என்றால் கடலிலிருந்துதான் பகை வரும் என்று எண்ணிக்கொண்டு இந்தக் கரையின் வரலாற்றைப் படித்தால் முக்கியமானது கண்ணில் படாமல் போய்விடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் திறந்திருந்தது. கோட்டாறு வழியாகக் கடப்புறம்வரை குதிரை ஓடத் தடையில்லை. திறந்த மணற்கரையில் கோட்டை ஏது, மதில் ஏது?

அதே ஆண்டு நவம்பர், டிசம்பரில் சவேரியார் குமரிக்கு மேற்கே முக்குவர் ஊர்களில் நடந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாக 1545 ஜனவரி 27-ஆம் தேதி கொச்சியிலிருந்து எழுதினார். பூவார், கொல்லங்கோடு, வள்ளவிளை, தூத்தூர், பூத்துறை, தேங்காய்ப்பட்டணம், குளச்சல், கடியப்பட்டணம், முட்டம், பள்ளம் என்று நீளும் கரை அது. இந்தக் கடப்புறம் இன்றும் கத்தோலிக்கக் கரையாக இருப்பதன் தொடக்கம் அந்த இரண்டு மாதங்களில் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் கிழக்கே நடந்ததை இந்த ஊர்கள் கேட்டிருக்கும். ஓடி வந்தவர்களில் சிலரைப் பார்த்தும் இருக்கும். அவர்கள் முடிவில் நம்பிக்கைக்கும் பங்கு உண்டு, அச்சத்துக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். அச்சத்தைச் சொல்வதால் நம்பிக்கை குறைந்துவிடாது.

கோட்டாற்றில் ஒரு மரபுக் கதை இருக்கிறது. படையெடுத்து வந்த வடுகரைச் சவேரியார் சிலுவையை உயர்த்தித் தனியாக எதிர்கொண்டு திருப்பி அனுப்பினார் என்பது அது. அவருடைய கடிதங்களில் இந்த நிகழ்ச்சி இல்லை. கடிதங்களில் இருப்பது காற்றோடு போராடித் தோற்ற தோணிகளும் அரிசி கேட்டு எழுதிய வேண்டுகோள்களும்தான். ஊருக்குக் காவல் யாரும் இல்லாத காலத்தில், ஒரு மனிதன் வந்து நின்றான் என்று சொல்லிக்கொள்ளும் தேவை அந்த மக்களுக்கு இருந்திருக்கிறது.

கொடி ஏந்தியவர்கள்

கடலிலிருந்து வந்த தாக்குதல்கள் இல்லாமல் இல்லை. அவற்றில் நன்கு அறியப்பட்டது 1553-இல் புன்னைக்காயலில் நடந்தது. மலபாரிலிருந்து வந்த கப்பற்படை ஒன்று, விட்டலனின் ஆதரவோடு, போர்த்துக்கீசரின் புன்னைக்காயலைக் கைப்பற்றியது. போர்த்துக்கீசத் தலைவர் கூத்தீஞ்ஞோவும் சேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளாரும் சிறைபிடிக்கப்பட்டார்கள். பின்னர் கொச்சியிலிருந்து கில் பெர்னாண்டஸ் தெ கர்வாலியோ தலைமையில் வந்த கப்பல்கள் அந்தப் படையை முறியடித்தன. அன்று பிடிபட்ட அண்டிரிக் அடிகளார்தான் 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழில் தந்தவர். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது.

மலபார்க் கப்பல்களின் பெயர் பெற்ற தலைவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். கோழிக்கோட்டு அரசர் சாமூத்திரியின் கடற்படைத் தலைவர்களாக இருந்து போர்த்துக்கீசரை எதிர்த்தவர்கள். 1538 பிப்ரவரியில் இராமேசுவரத்துக்கு அருகே வேதாளையில் பட்டு மரைக்காயர் முதலியோரின் படையை மார்ட்டிம் அபோன்சோ தெ சோசா தோற்கடித்தார். நான்காம் குஞ்ஞாலி 1600-இல் சரணடைந்து கோவாவில் கொல்லப்பட்டார். போர்த்துக்கீச ஆவணங்களில் இவர்கள் கொள்ளையர். கோழிக்கோட்டில் வீரர்கள், மும்பையில் இந்தியக் கடற்படையின் நிலையம் ஒன்று இன்றும் குஞ்ஞாலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த மரியாதை அவருக்கு உரியதுதான். ஆனால் புன்னைக்காயல் பரதவனின் முற்றத்திலிருந்து பார்த்தால் மலபார்ப் பாய் தெரிவது நல்ல செய்தியாக இருந்திருக்காது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை.

போர்த்துக்கீசரோ கொள்ளையைச் சட்டமாகவே ஆக்கினார்கள். தங்களிடம் பணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்காத கப்பலைப் பிடிக்கலாம், எரிக்கலாம் என்பது அவர்களுடைய விதி. 1502-இல் வாஸ்கோ ட காமா மக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் கப்பலைப் பெண்களோடும் குழந்தைகளோடும் எரித்தார். 1505-இல் கொல்லத்தில் நின்ற கப்பல்களை லோரன்சோ தெ அல்மெய்தா எரித்தார். 1540களில் கொல்லத்துக்கு அருகே கோயில் ஒன்றைக் கொள்ளையிட்டவர் கவர்னராக இருந்த அதே மார்ட்டிம் அபோன்சோ. சவேரியாரை இந்தியாவுக்குத் தம் கப்பலில் அழைத்து வந்தவரும் அவர்தான். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் பொன்னானியின் ஷேக் ஜைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய 'துஹ்பதுல் முஜாஹிதீன்', எரிந்த கப்பல்களையும் பள்ளிவாசல்களையும் மனம் நொந்து பதிவு செய்கிறது. சவேரியாரின் கடிதங்களையும் ஜைனுத்தீனின் நூலையும் சேர்த்துப் படிக்காதவர்களுக்கு அந்த நூற்றாண்டு பாதிதான் தெரியும்.

கதைகளில் வரும் வகைக் கடற்கொள்ளையனும் நம் கடலுக்கு வந்தான். வில்லியம் கிட் 1697-98இல் மலபார்க் கடலில் திரிந்தார். 1698 ஜனவரி 30-ஆம் தேதி கொச்சிக்கு அருகே ஆர்மீனிய வணிகர்களின் சரக்கு ஏறிய 'கேடா மெர்ச்சன்ட்' கப்பலைப் பிடித்தார். இலட்சத்தீவுக் கூட்டத்தில் ஒரு தீவில் அவருடைய கப்பல் ஆள் ஒருவன் தீவுக்காரர்களால் கொல்லப்பட்டபோது, வீடுகளை எரித்துக் கொள்ளையிட்டு, ஒருவரை மரத்தில் கட்டிச் சுடச் செய்தார். ஊர் எரிந்த நிகழ்ச்சி என்றால் இதுவும் ஒன்று. ஆனால் கிட் எப்படிப் புறப்பட்டார்? கடற்கொள்ளையரைப் பிடிக்க இங்கிலாந்து அரசர் கொடுத்த ஆணையோடு. 1701-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். தீவில் எரிந்த வீடுகளுக்காக அல்ல. பீரங்கி இயக்கும் தன் கப்பல் ஆள் ஒருவனைக் கொன்றதற்காகவும் கப்பல்களைப் பிடித்ததற்காகவும்.

மிளகுக்காக எரிந்த குளச்சல்

நம் கரையில் அடுத்த பெரிய அழிவு டச்சுக்காரர்களால் வந்தது. திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா வடக்கே நாடுகளைச் சேர்த்துக்கொண்டே போனபோது, டச்சுக் கம்பெனியின் மிளகு வாணிகம் ஆட்டம் கண்டது. 1739-இல் இலங்கையின் டச்சு கவர்னர் வான் இம்ஹோப் நேரில் வந்து பேசிப் பார்த்தார், பேச்சு முறிந்தது. 1740 இறுதியில் இலங்கையிலிருந்து வந்த கப்பல்கள் குளச்சல்மேல் குண்டு பொழிந்தன. 1741-இல் படை இறங்கியது. சுற்றியிருந்த கடப்புற ஊர்களைச் சூறையாடிக் கோட்டாறுவரை போனது. பத்மநாபபுரத்துக்கு மிரட்டல் வந்தது. ஜாவாவில் நடந்த போரால் பத்தாவியாவிலிருந்து டச்சுக்காரர்களுக்கு உதவிப் படை கிடைக்கவில்லை. 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுப் படை தோற்றுச் சரணடைந்தது. சிறைபிடிக்கப்பட்ட டச்சு அதிகாரி டி லனாய் பின்னாளில் திருவிதாங்கூரின் படைத்தலைவராகி, 1777-இல் உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்தப் போரைப் பற்றி எழுதாத வரலாற்று நூல் இல்லை. ஓர் ஐரோப்பிய வல்லரசை ஆசிய அரசு ஒன்று களத்தில் தோற்கடித்த பெருமை அதற்கு உண்டு; குளச்சலில் வெற்றித் தூண் நிற்கிறது. முக்குவர்கள் துடுப்புகளைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று எதிரியை ஏமாற்றினார்கள் என்ற வாய்மொழிக் கதையும் உண்டு. ஆனால் குண்டு விழுந்த ஊர்களின் கணக்கை யாரும் பெரிதாக எழுதவில்லை. குளச்சல் கடப்புறத்தில் மிளகு விளையாது. மிளகுக் கொடியைத் தொட்டுப் பார்த்திராத மீனவர்களின் கூரைகள் மிளகு விலைக்காக எரிந்தன. இது பெருமையைக் குறைக்கச் சொல்வதல்ல. பெருமையின் விலையை யார் கொடுத்தார்கள் என்று பதிவு செய்வதற்காகச் சொல்வது.

காப்பவர்களுக்குக் கொடுத்த கூலியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முத்துக்குளித்துறை மக்கள் ஆண்டுதோறும் போர்த்துக்கீச அரசியின் காலணிச் செலவு என்ற பெயரில் 4000 பணம் கட்டினார்கள். அந்தத் தொகையை ஊர்களில் மறைக்கல்வி கற்பிப்பவர்களின் சம்பளமாக மாற்றித் தருமாறு சவேரியார் அரசியிடமே கேட்டுப் பெற்றார். ஒருவர் கொள்ளையிட்டால் அடுத்தவரிடம் அடைக்கலம் தேடுவது, அடைக்கலம் தந்தவர் வரி வாங்குவது, வரி போதாதபோது அவரே தண்டிப்பது. 1530களிலிருந்து இந்தக் கரையின் வாழ்க்கை இந்தச் சுழலில்தான் போயிற்று.

உள்நாட்டுப் போர்கள் பாட்டாகியிருக்கின்றன. 1634-இல் கணியாகுளத்தில் திருமலை நாயக்கரின் படையோடு பொருது மடிந்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை தென்திருவிதாங்கூரில் வில்லுப்பாட்டாகப் பாடப்பட்டது. பாறையில் தண்ணீரில்லாமல் செத்தவர்களுக்கு ஒரு வெளிநாட்டுத் துறவியின் அவசரக் கடிதம்தான் கிடைத்தது. அந்தக் கடிதத்தில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

2012-உம் இந்தக் கணக்கில் சேரும்

இது முடிந்துபோன வரலாறு என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட வேண்டும். 2012 பிப்ரவரி 15-ஆம் தேதி மாலை. கேரளக் கடலில், கரையிலிருந்து ஏறத்தாழ 20 கடல் மைல் தொலைவில் 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகு தொழிலில் இருந்தது. அந்த வழியே போன இத்தாலிய எண்ணெய்க் கப்பல் 'என்ரிக்கா லெக்சி'யில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் படகைக் கடற்கொள்ளையர் என்று கருதிச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். மற்றவர் கன்னியாகுமரி மாவட்டம் இரையுமன்துறையைச் சேர்ந்தவர்; படகும் அதே மாவட்டத்தைச் சேர்ந்தது. சவேரியார் 1544-இல் நடந்த அதே கரை.

அந்த ஆண்டுகளில் சோமாலியக் கொள்ளையரின் அச்சம் அரபிக்கடல் முழுவதும் பரவியிருந்தது. வணிகக் கப்பல்கள் ஆயுதக் காவலோடு ஓடின. வழக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 2020-இல் ஹேக் நகரின் நடுவர் மன்றம், அந்த வீரர்களை விசாரிக்கும் உரிமை இந்தியாவுக்கு இல்லை, ஆனால் இழப்பீடு பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் செலுத்தியது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று பிரித்து, 2021 ஜூன் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தியாவில் நடந்த வழக்கை முடித்தது. நூற்றாண்டுகளாகக் கொள்ளைக்கு ஆளான கரையின் பிள்ளை ஒருவன், கொள்ளையன் என்று எண்ணப்பட்டுச் சுடப்பட்டான். சுட்டவர்கள் ஓர் அரசின் சீருடையில் இருந்தார்கள். நான் மேலே சொன்ன முடிவுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இனிச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இதுவரை நாம் எழுதிய வரலாறு சவேரியாரின் கடிதங்கள், கம்பெனியின் ஆவணங்கள், அரண்மனைப் பதிவுகள் ஆகியவற்றின்மேல் நிற்கிறது. எல்லாம் வெளியிலிருந்தோ மேலிருந்தோ எழுதியவை. பூவார் முதல் பள்ளம்வரை பங்குக் கோயில்களில் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. ஓடி ஒளிந்த கதைகளையும் ஒளிந்த இடங்களின் பெயர்களையும் அறிந்த முதியவர்கள் இருப்பார்கள். பொழியூரிலும் நீரோடியிலும் வள்ளவிளையிலும் கடலரிப்பு வீடுகளை விழுங்கி வருகிறது. குடும்பங்கள் இடம்பெயரும்போது பழைய தாள்களும் கதைகளும் உடன் போவதில்லை. தனுவச்சபுரத்தில் கல்லூரி இருக்கிறது; பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் நூலகங்கள் இருக்கின்றன; இங்குள்ள மாணவர்களில் பலருக்குத் தமிழும் மலையாளமும் இரண்டும் தெரியும். இரண்டு மாநிலங்களாகப் பிரிந்த ஒரு கரையின் கதையைக் கேட்டு எழுத இதைவிடத் தகுதியானவர்கள் வேறு எங்கும் இல்லை. ஆசிரியர்கள் அவர்களைக் கடப்புறத்துக்கு அழைத்துப் போக வேண்டும். பங்குத்தந்தைகள் பதிவேடுகளைப் படமெடுக்க அனுமதிக்க வேண்டும். அடுத்த இடவப்பாதிக்கு முன் தொடங்குங்கள்.